பொருளின் வகை

துறைமுகச் சுங்கம், மூன்றாம் இலக்க மேசை.
அலுவலர் விதானகே கேட்கிறார்:
"மிஸ், இது சிலையா, தளபாடமா?"
சிலைக்கு ஒரு வரி, தளபாடத்துக்கு வேறு வரி.
இரண்டும் என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ரொட்டர்டாமிலிருந்து திரும்பியிருக்கிறது
என் பதினேழாவது கதிரை.
இருக்கை கண்ணாடி. கால்கள் முதிரை,
மொரட்டுவையில் முனசிங்க கடைந்தவை.
நாலு மாதம் அங்கே ஒருவரும் அதில் உட்காரவில்லை.
சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்களாம்.

பெயர்: இமெல்டா செபமாலை.
தொழில்:
அரை அங்குலக் கட்டம்.
பேனையைக் கடித்தபடி நிற்கிறேன்.

முதலில் ஜன்னல்தான்.
ஆமர் வீதி அலுமினியக் கடையில் கண்ணாடி வெட்டினேன்.
கோட்டை இழுத்துவிட்டு ஒரு தட்டு;
எங்கே உடைய வேண்டும் என்று அதற்கே தெரியும்.
தெரியாத நாட்களில்
சம்பளத்தில் கழித்தார்கள்.

பிறகு பேலியகொடையில் தகரக் கூரை, வாடகைக்கு ஓர் உலை.
போத்தல் சேர்க்கிற நிஸ்தார்
பச்சை வேறு, பழுப்பு வேறாகச் சாக்கில் கட்டித் தருவார்.
"சாராயப் போத்தலில் மேசையா?" என்று சிரித்தவர்
நான் வைத்த விலையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.
அடுத்த கிழமை
போத்தலுக்கு இரண்டு ரூபா கூட்டினார்.

அந்த மேசையை நாவலையில் ஒரு பல் வைத்தியர் வாங்கினார்.
ஆறு மாதம் கழித்துப் போனால்
மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு.
"கீறு விழுமே" என்றார்.
குனிந்து கடலைப் பார்ப்பதுபோல் பார்க்கச் செய்த ஒன்று
பருப்புக் கறிக்குக் கீழே கிடந்தது.

அந்தக் கோபத்தில்தான் சிலைகள்.
எதையும் மேலே வைக்க முடியாதவை,
விரிப்பு வழுக்கி விழுகிறவை.
பேப்பரில் படம் வந்தது.
வீட்டுக்கு அரிசி வரவில்லை.

கொள்ளுப்பிட்டி ஹோட்டலுக்கு நாற்பது மேசை,
உடனே வேணும் என்றார்கள்.
மூன்று நாள் ஆற வேண்டியதை
ஒன்றரை நாளில் எடுத்தேன்.
ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
ஆளில்லாத ஓர் இரவு, இரண்டு மணிக்கு,
ஒன்று தானாக வெடித்தது.
"ஒருத்தரும் தொடேல்ல மேடம், சத்தியமா"
என்றார் காவலாளி.
எனக்குத் தெரியும்.
என் அவசரம் அதற்குள்தான் இருந்தது,
கண்ணுக்குத் தெரியாமல், இழுவிசையோடு.
மிச்சம் முப்பத்தொன்பதையும் லொறி பிடித்துத் திருப்பி எடுத்தேன்.
கடன் போன ஐப்பசியில்தான் முடிந்தது.

பிறகு கரண்ட் வெட்டிய ஆண்டு.
காஸ் வரிசையில் எனக்குப் பின்னால்
கைக்குழந்தையோடு ஒருத்தி, பால் காய்ச்ச வேண்டும் என்றாள்.
இடத்தை விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசை.
கொடுக்கவில்லை.
எனக்குப் பிறகு இரண்டு பேர், அதோடு முடிந்தது.
அவள் அந்த இரண்டில் ஒருத்தியா என்று
திரும்பிப் பார்க்கவுமில்லை.

அந்த சிலிண்டரில் உருக்கியதுதான் இது.
இருக்கையின் நடுவே பாக்களவு ஒரு குமிழ்.
கண்காட்சிக் கையேட்டில்
'கலைஞரின் மூச்சு' என்று போட்டிருந்தார்கள்.
மூச்சில்லை, ஐயா.
சூளையில் கரண்ட் போய்
இருபது நிமிடம் கழித்து வந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விதானகேயிடம் சொல்லவில்லை.
எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ஒன்றின் காகிதங்களோடு
ஒருவர் உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறார்.

விதானகே எழுந்து வருகிறார்.
"உட்காரலாமா?"

யாரும் கேட்காத கேள்வி.
தலையை ஆட்டுகிறேன்.
பின்பொக்கெற்றிலிருந்து பேர்சையும் திறப்புக் கொத்தையும் எடுத்து
என் கையில் தந்துவிட்டு
மெல்ல, முதல் பாதி எடையை, பிறகு முழு எடையை
இறக்குகிறார்.
என் காது மட்டும் விரிசலுக்குக் காத்திருக்கிறது.

"குளிரும் என்று நினைச்சேன்" என்கிறார்.
ஒரு கண்டெய்னர் தூக்கப்படும் நேரம்
அப்படியே இருந்தார்.

எழும்பிப் போய்க் கட்டத்தில் எழுதினார்:
தளபாடம், ஒன்று. பாவித்தது.

பாவித்ததுக்கு வரி குறைவாம்.

முத்திரை விழுந்தது.
பெட்டியை மூட
ஆணி ஒன்று குறைகிறது.